கம்பு நிழல் என்று சொன்னேன்

கிரேன் அண்ணாச்சியின் கைபேசித் திரையில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தது. அதன் மேலேயே விரலை ஓட்டிப் படம் வரைவார். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சரக்கு வராத நேரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்தே வரைந்ததால், அவர் படங்களில் எல்லாமே மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். லாரிக் கூரை, மஞ்சள் ஹெல்மெட், டீ வாளி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நிழல். "மனுச மூஞ்சியே வரைய மாட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேலி செய்வோம். "மேல இருந்து மூஞ்சி எங்கன தெரியுது? நிழல வச்சுத்தான் ஆள கண்டுபிடிக்கேன்," என்பார். இப்போது ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் மகன் வீட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறார். அங்கிருந்தும் படம் வருகிறது. அங்கேயும் மேலிருந்துதான் பார்க்கிறார்.

அவர் இன்னும் துறைமுகத்தில் வேலையில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு படம் போடுவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். பிழைப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் ஒரு கிளியரிங் ஆபீஸில் கப்பல் காகிதங்களைத் தட்டச்சு செய்கிறவள். குழுவில் மட்டும் பெரிய புகைப்படக்காரி. தருவைகுளத்தில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட நர்ஸ் அக்கா ஒருவர் பென்சிலால் பூக்கள் வரைவார். அவர் பூவுக்குப் பத்துக் கைதட்டல் விழுந்தால் என் படத்துக்கு இருபது விழ வேண்டும் எனக்கு. அப்படி ஒரு அற்பப் புத்தி.

அந்த இருபதுக்காகத்தான் ஒரு விடியற்காலையில் தருவைகுளம் கடற்கரைக்குப் போனேன். நீல வள்ளம் ஒன்று மணலில் ஏறிக் கிடந்தது. பின்னால் சூரியன் சிவப்பாக மேலேறிக்கொண்டிருந்தது. வள்ளத்தை ஒட்டி, இடுப்பில் சாரம் கட்டிய ஒரு பெரியவர் நின்றார். கையைக் காட்டி விலகச் சொன்னேன்; அவர் விலகவில்லை. சரி, கிடக்கட்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செயலியில் விரலால் தேய்த்து அவரை அழித்தேன். ஆள் இருந்த இடத்தில் வள்ளத்தின் நீலம் தானாக வந்து நிரம்பிக்கொண்டது. போனில் இடம் இல்லையென்று மூலப்படத்தையும் கையோடு நீக்கிவிட்டேன்.

ஞாயிறு காலை குழுவில் ஒரே பாராட்டு. நான் தரையில் நடக்கவில்லை. கடைசியாக அண்ணாச்சி எழுதினார்: "வள்ளம் நல்லாருக்கு தங்கச்சி. பக்கத்துல நின்ன ஆள எங்க?" அப்போதுதான் பார்த்தேன். ஆளை அழித்தவள் நிழலை மறந்திருக்கிறேன். மணல் மேல் அது நீட்டிக் கிடந்தது. முகமெல்லாம் எரிந்தது எனக்கு. "அது கம்பு நிழல் அண்ணாச்சி," என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து நர்ஸ் அக்காவின் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா குழுவில் எழுதினார்: "தருவைகுளத்துல எடுத்த படத்துல எங்கயாச்சும் அப்பா இருந்தா அனுப்புங்க. கேமராவைக் கண்டா ஓடிருவாரு. ஆதார் அட்டையில இருக்கிறது அவரு மாதிரியே இல்ல. அந்த நீல வள்ளம் எங்க வள்ளந்தான்."

நான் விரலால் தேய்த்து அழித்த பெரியவர் யாரென்று அப்போதுதான் புரிந்தது. மறுநாள் மதியம் துறைமுக கேட் அருகே அண்ணாச்சியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் நான் அழித்த இடத்தில் அந்தப் பெரியவரை வரைந்து வைத்துவிடுங்கள், மூலப்படம் கிடைத்துவிட்டது என்று கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"பாக்காத மூஞ்சிய நான் எங்கன இருந்து கொண்டாரது?" என்றார். பிறகு, "ஒனக்கு ஒரு பொய் பத்தாதா தங்கச்சி? வா, நானும் வாரேன்," என்று வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக் கான்டீனில் அக்காவின் எதிரே உட்கார்ந்து, திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அக்கா திட்டுவார் என்றிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் போனை வாங்கி நிழலை விரலால் பெரிதாக்கினார். இடப்பக்கத் தோள் சற்று இறங்கியிருந்தது. "வலை விழுந்து ஒடிஞ்ச தோள்," என்றார். "அப்பாதான்."

போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிரிச்சாரா?" என்று கேட்டார்.

சிரித்தார் என்று சொல்ல நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அண்ணாச்சி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சிய நான் பாக்கலக்கா," என்றேன். "வள்ளத்தத்தான் பாத்தேன். போகச் சொல்லிக் கையக் காட்டுனேன். அவரு சட்டைய இழுத்துவிட்டு, நெஞ்ச நிமித்தி அசையாம நின்னாரு."

அக்கா போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என் கல்யாணத்துலகூட போட்டோவுக்கு நிக்கல," என்றார். "நீ கூப்பிட்டேன்னு நெனச்சு நின்னுருக்காரு."