அத்தை பிழிந்த இத்தாலிச் சந்தகை

ஓசூர் பாகலூர் சாலையில் பேரன் என்னைக் கூட்டிப்போன கடையின் பட்டியலில் இத்தாலி உணவு மட்டும் பத்தொன்பது வகை இருந்தது. கொரியா உணவு பதினொன்று. எண்ணி முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினேன். எதைத் தின்றால் வயிறு என்ன செய்யுமோ என்ற கவலை வேறு. இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் தாத்தா என்றான் பேரன். அதில் ஒன்றை ஒன்பது வயதிலேயே தொடர்ந்து ஏழு நாள் தின்றிருக்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

அப்போதுதான் ஓசூரில் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஓர் ஆலையின் விருந்தினர் விடுதியில் சமைத்தாள். கணவர் இறந்தபின் மத்தூரில் கொழுந்தனார் வீட்டு அடுப்படியில் நான்கு வருடம் படுத்துக் கிடந்தவள். இந்த வேலையோடு விடுதிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்குவதைப் பற்றி அவள் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இயந்திரம் பூட்ட இத்தாலியிலிருந்து வந்திருந்த பொறியாளர் பதினொரு நாளாக ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை தவிர எதையும் தொடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் அத்தையைக் கூப்பிட்டார். அடுத்த திங்களன்று அந்த மனிதர் வயிறாரச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து வேறு சமையற்காரர் வருவார் என்று சொல்லிவிட்டார்.

பொறியாளர் ஒரு தாளில் தட்டு நிறைய நூல் நூலாக வரைந்து, பக்கத்தில் ஒரு தக்காளியும் பூண்டும் போட்டுக் காட்டினார். மைதா, முட்டை என்று ஆலைக் குமாஸ்தா விளக்கினார். அத்தை தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம சந்தகைதான் இது. அவங்க ஊர்ல மைதாவுல புழியறாங்க, அவ்வளவுதான்." அரிசி மாவை அவித்து அச்சில் இடியாப்பம்போல நூல் நூலாகப் பிழிவதைத்தான் நாங்கள் சந்தகை என்போம்.

விட்டுவிடச் சொன்னார் அப்பா. அத்தை கேட்கவில்லை. ஆறு நாள் இருக்கிறது, ஆறு நாளும் பிழிந்து பார்ப்பேன் என்றாள்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டுப் பெண்கள் விருந்தாளிக்குச் சமைப்பதை முன்னால் ருசி பார்க்க மாட்டார்கள். ஆவியை முகர்ந்தே உப்பு சொல்லிவிடுவார்கள். இந்தப் பண்டத்தின் வாசனை எப்படி இருக்க வேண்டும் என்றே அத்தைக்குத் தெரியாது. ஒத்திகைக்குச் செய்வதைத் தின்றால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, "அந்த மனுசன் தின்னாம நான் வாயில வெக்க மாட்டேன்" என்றாள். ருசி சொல்ல என்னைப் பிடித்தாள். வீட்டில் நாங்கள் ஏழு பிள்ளைகள். ராத்திரிக்கு ஆளுக்கு ஓர் உருண்டை கேழ்வரகுக் களி, இரண்டாவது கேட்கக் கூடாது. ஏழு பேரில் நான்தான் நோஞ்சான். எதிலும் குறை கண்டுபிடிப்பவன் என்பதால் என்னைத் தேர்ந்ததாக அத்தை சொன்னாள்.

பள்ளி விட்டதும் விடுதிச் சமையலறைக்குப் போய்விடுவேன். முதல் நாள் சந்தகையைப் போலவே ஆவியில் வேகவைத்தாள். போஸ்டர் ஒட்டும் பசைபோல வந்தது. இரண்டாம் நாள் கொதிநீரில் பிழிந்தாள், ஆனால் கறிவேப்பிலையும் புளியும் போட்டுக் குழம்பாக்கிவிட்டாள். வியாழக்கிழமை, ராயக்கோட்டைத் தக்காளி, பூண்டு, எண்ணெய், வேறொன்றும் இல்லை. இரண்டு தட்டு தின்றேன். அத்தை முன்னாலேயே தட்டை நக்கினேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நாளைக்குக் கிடைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏதோ கொறையுது அத்த" என்றேன்.

வெள்ளிக்கிழமை உப்பு போதவில்லை என்றேன். சனிக்கிழமை புளிப்பு கூடிவிட்டது என்றேன். சந்தகை அச்சின் கைப்பிடியை ஓர் ஈடுக்கு நாற்பது சுற்று சுற்ற வேண்டும். அத்தையின் வலது உள்ளங்கையில் மூன்று கொப்புளம், இடதில் இரண்டு. அதையும் எண்ணினேன், எண்ணிவிட்டுத் தட்டை நீட்டினேன். ஞாயிறன்று, இனி நாள் இல்லை என்பதால், சரியாக வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன்.

திங்களன்று சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பொறியாளர் முள்கரண்டியால் சுற்றிச் சுற்றி இருபத்தாறு வாய் சாப்பிட்டார். மிச்சக் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றார். பிறகு தட்டை மறுபடி நீட்டினார். மேலாளர் எழுந்து போனார். பெங்களூர்க்காரர் வரவில்லை.

அன்று அப்பாவும் வந்திருந்தார். அத்தை சட்டியின் ஓரத்திலிருந்து எடுத்து முதன்முறையாக வாயில் வைத்தாள்.

"மாவும் தக்காளியும். இதுக்கா இந்தப் பாடு" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "வியாழக்கெழமையே சரியா வந்துருச்சுடா. அப்பறம் மூணு நாளும் அதே உப்பு, அதே தக்காளிதான் போட்டேன். ஒண்ணும் மாத்தல."

எனக்குக் காது சுட்டது.

"அப்ப எதுக்குக்கா கை புண்ணாகப் புழிஞ்ச?" என்றார் அப்பா.

அத்தை சட்டியில் இருந்ததையெல்லாம் வழித்து என் தட்டில் போட்டாள். உப்பைப் பற்றியும் புளிப்பைப் பற்றியும் கேட்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே, தலையைத் தூக்காமல் வேகவேகமாகத் தின்றேன். கடைசிவரை அவள் கேட்கவே இல்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.