மேப்பில் அரை கிலோமீட்டர்

அம்மாவின் பறியில் பல் தடம் இருக்கும்.

ஓலையில் பின்னிய கூடை அது. முழங்கால் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும்போது, கூடையைப் பிடிக்க இன்னொரு கை கிடையாது. அதனால் பெண்கள் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் வாயில் அந்தச் சேற்று வாடை இருக்கும்... உப்பும் ஓலையும் கலந்த வாடை.

வாயில் பறி இருந்தால் பேச முடியாது. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அமைதியானவர்கள் என்று ஆண்கள் ஜோக் அடிப்பார்கள். பறி இல்லாமல் பேசியபோது யார் கேட்டார்கள் என்பது அந்த ஜோக்கில் வராது.

பழவேற்காடு பக்கம்தான் ஊர். நான் அப்போது எம்.எஸ்ஸி. கணிதம், கடைசி வருஷம். லீவுக்கு வந்திருந்தேன்.

ஊருக்கு எதிரே இருந்த சேற்றுத் திட்டை ஒரு கம்பெனிக்காக வேலி போட்டு மூடப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. படகு இல்லாத பெண்களுக்கு அந்தத் திட்டுதான் சோறு. கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். அனுமதி கொடுத்த அரசு ஆபீஸில் ஒரு விதி வைத்திருந்தார்கள். மூடும் திட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வேறு திட்டு இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இல்லையென்றால், கையால் இறால் பிடிக்கும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் கம்பெனியில் ஒரு நிரந்தர வேலை.

டச்சுக்காரன் கல்லறை வாசலில் கூட்டம். அங்கேதான் நிழல். கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டுக்குக் கீழே மேப்பை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார் சர்வேயர்.

எங்கள் ஊர்த் தலைவருக்கு மூன்று படகு. அவர்தான் ஆரம்பித்தார்.

"சார் அளந்தா நம்ம ஜனம் நம்பாது. நம்ம பொண்ணு கணக்கு பட்ச்சிக்கீது. அதுவே அளக்கட்டும். இன்னா பாப்பா?"

ஏன் என்னைக் கூப்பிட்டார்? அந்தச் சந்தேகம் அன்றைக்கு எனக்கு வரவே இல்லை. பெருமையாக இருந்தது. காம்பஸை விரித்தேன். மூடப்போகும் திட்டில் முள்ளைக் குத்தி, மிச்சமிருக்கும் இன்னொரு திட்டின் மிக நெருங்கிய புள்ளியைத் தேடினேன்.

"அரை கிலோமீட்டர் சார்."

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தக் கோட்டுக்கு நடுவுல கால்வா கீதேடி. ஆளு முழுவிப் பூடும்."

"சும்மா இரும்மா. இது மேப்புல அளக்கறது. உனக்குப் புரியாது."

"அப்போ மேப்புலயே இறா புடிக்கச் சொல்லு," என்றார் அம்மாவோடு வேலைக்குப் போகும் பொன்னி அக்கா. பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இஞ்சின் போட்டா ஒரு பீடி முடியறதுக்குள்ள பூடலாமே," என்றார் தலைவர். பொய்யில்லை. படகு இருந்தால் போகலாம்.

'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலி வந்த வாரம், அம்மாவோடும் பொன்னி அக்காவோடும் நானும் தண்ணீரில் இறங்கினேன். நான் அளந்த கோட்டிலேயே போனோம். முழங்கால்... இடுப்பு... மார்பு... பிறகு காலுக்குத் தரை கிடைக்கவில்லை. அம்மா என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

மிச்சமிருந்த திட்டு அகன்ற பிறை மாதிரி. அதன் வயிறு கால்வாய்க்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எதிரே. இரண்டு நுனிகள் மட்டும்தான் கரையைத் தொட்டன. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.

"எந்தப் பக்கம்டி கிட்ட?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "ரெண்டும் ஒரே தூரம்மா."

"அப்போ ரெண்டுமே தூரந்தான்."

வடக்கே நடந்தோம். ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிவிட்டது. சேறு கைக்கு எட்டவில்லை.

நடக்கும்போது எனக்கு என் பரீட்சைத் தாள் ஞாபகம் வந்தது. ஒரு வடிவத்துக்குள் எந்த இரண்டு புள்ளியைச் சேர்த்தாலும் கோடு உள்ளேயே நின்றால் அது குவிவு வடிவம். அதில் மிக நெருங்கிய புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்காது. பிறை மாதிரி வளைந்திருந்தால் இரண்டு இருக்கலாம். அதற்கெல்லாம் முன்னால், தூரம் என்றால் எது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் நெருக்கம் என்ற பேச்சே. இவ்வளவும் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். தூரத்தை யார் முடிவு செய்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. இன்ஜின் வைத்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபீஸுக்கு மூன்று முறை மனு கொடுத்தோம். "உங்க ஊர்ப் பொண்ணே சரிபார்த்திருக்கே?" என்று ஒவ்வொரு முறையும் அதே காகிதத்தைக் காட்டினார்கள்.

தலைவரின் மகன்கள் இரண்டு பேரும் இப்போது கம்பெனி கேட்டில் யூனிஃபார்மோடு நிற்கிறார்கள். எப்படி என்று கேட்டால், எல்லாம் நேர்மையாகத்தான் கிடைத்தது என்கிறார். என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. நம்பவும் முடியாது.

இப்போது நான் சென்னையில் ஒரு டெலிவரி ஆப் கம்பெனியில் இருக்கிறேன். ஆர்டருக்கு மிக நெருங்கிய பையன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை... சிரிக்காதீர்கள். திரையில் கோடு கூவத்தைத் தாண்டும்போதெல்லாம், "இவன் எந்தப் பாலத்துல வருவான்?" என்று கேட்கிறேன். "தோராயமா இருந்தா போதும்," என்கிறார் மேனேஜர். தோராயம் என்று யாராவது சொன்னாலே, யாருடைய கால் அதில் போகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

அம்மா ஆரம்பாக்கத்தில் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கிறாள். யாரோ பிடித்த இறால். பறியில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். பல் தடம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் போனில் கேட்டாள்.

"இங்கேர்ந்து எவ்ளோ தூரத்துலடி கீற?"

"அறுபது கிலோமீட்டர் இருக்கும்மா."

அம்மா விடவில்லை.

"எதுல வந்தா?"