லான் அக்காவின் காது

எங்கள் தொழிற்சாலையில் மின்விசிறி செய்கிறோம் என்றால் கூரையில் தொங்குவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். கணினிப் பெட்டிக்குள் சுற்றுகிற, உள்ளங்கை அகல விசிறி. எங்கள் ஊர் துசெங்கில் இதே தொழிலைச் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் லான் அக்கா எங்களிடம் மட்டும்தான் இருக்கிறாள்.

விசிறியைச் சோதிப்பது அவள் வேலை. வெறுமனே சுற்றவிட்டால் எந்த விசிறியும் சாதுதான். கணினியின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டரில் திருகி மாட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் குணம். சீப்புப் பல் போல நெருங்கிய தகடுகளுக்குள் காற்றைத் திணிக்கும்போது ஒன்று முனகும், ஒன்று விசிலடிக்கும், இன்னொன்று மூச்சு முட்டித் திணறும். மாட்டிக் கொடுப்பது நான். ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமெல்லாம் காட்டி, புகை எங்காவது பக்கவாட்டில் ஒழுகினால் அங்கே நுரைப்பட்டை ஒட்டுவேன். பிறகு சத்தமில்லா அறையின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். காற்றின் அளவையும் சத்தத்தின் அளவையும் கருவி காட்டும். அது என்ன சொன்னாலும் லான் அக்கா வெளியே உட்கார்ந்து, உள்ளிருக்கும் மைக்கின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்பாள்.

அவளுக்குப் பாம்புச் செவி. வந்த புதிதில் செம்புக் கம்பி சுற்றும் பிரிவில் இருந்தாள். அந்தக் கோடியில் ஒரு இயந்திரம் கரகரக்கிறது என்று இந்தக் கோடியிலிருந்து ஓயாமல் புகார் செய்ததால்தான் முதலாளி ஃபாங் அவளை இங்கே மாற்றினார். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் குளிர்பதனப் பெட்டி உறுமுகிறது என்று என்னை மூன்று மேசை மாற்றி உட்கார வைப்பாள். தட்டில் முட்டை ஆறிப்போகும். கணவர் போன பிறகு அவரது குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டு, "இதை வெளியில சொன்னே, பல்லைக் கழட்டிடுவேன்" என்றாள். இப்போது சொல்லிவிட்டேன். என் பல் பத்திரமாக இருக்கட்டும்.

அவள் மகன் போ-யென் காதலித்தது எங்கள் வடிவமைப்பு அறையில் இருக்கும் ஷாவ்-சின்னை. தைதுங்கிலிருந்து வந்த பெண். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் அதிகம். லான் அக்காவை எங்களைப் போலவே 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் வடிவமைத்த முதல் விசிறியை லான் அக்கா திருப்பி அனுப்பினாள். ஷாவ்-சின் திருத்திக் கொண்டு வந்தாள், அக்கா மறுபடியும் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை, "கொசு பாடுற மாதிரி இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அன்று ஷாவ்-சின் என்னிடம் வந்து குமுறினாள்.

"ஷெங் அண்ணா, என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடலாமே? எதுக்கு விசிறி மேல பழி? இந்தத் தடவையும் போச்சுன்னா நான் ஊருக்குப் போயிடறேன். வேலையும் வேணாம், கல்யாணமும் வேணாம். போ-யென்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அடிப் பைத்தியமே, அவ பெத்த பிள்ளையோட குரலையே குறை சொல்றவ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. போய் லான் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். "விசிறி சத்தம் போட்டா நான் என்ன செய்ய?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காவது முறை சோதனை. முதலாளியும் வந்து நின்றார். மெதுவான வேகத்தில் விசிறி மூச்சே விடவில்லை. வேகத்தைக் கூட்டினோம். திடீரென்று சடசடவென்று ஒரு சத்தம். கருவியின் முள் எகிறியது. லான் அக்காவின் முகம் வெளுத்தது.

"போச்சு" என்றார் முதலாளி.

ஷாவ்-சின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். விசிறியைக் கழற்றுகிற சாக்கில் சத்தமில்லா அறைக்குள் போனேன்.

ரேடியேட்டருக்குப் பின்னால், காற்று வெளியேறுகிற இடத்தில், ஒரு பச்சைப் பொட்டலம் சரிந்து கிடந்தது. தேங்காய்ச் சுவை மக்காச்சோளப் பொரி. பெயரே 'சமர்த்து'. எங்கள் ஊரில் வங்கியோ மருத்துவமனையோ, இயந்திரம் இருக்கிற இடமெல்லாம் அதன் தலையில் இது உட்கார்ந்திருக்கும், இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ளட்டும் என்று. பச்சைதான் வைக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது. நாங்கள் எல்லாரும் வைப்போம். வைக்காத ஒரே ஆள் லான் அக்கா. "பொரியைப் பார்த்து விசிறி பயந்துடுமா?" என்று எங்களை ஓட ஓட விரட்டுவாள்.

பொட்டலத்தோடு வெளியே வந்தேன். காற்றில் இதன் உறைதான் படபடத்திருக்கிறது.

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சோதனை அறைக்குள்ள பொட்டலமா? ஷாவ்-சின், உன் வேலைதானே இது?"

"நான் இல்லைங்க, நான் அந்த அறைக்குள்ள காலே வைக்கலை…"

"பின்ன யாரு, பேயா?"

"நான்தான்" என்றாள் லான் அக்கா.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினோம்.

"பின்னால அலமாரியில வெச்சேன். அதிர்வுல விழுந்திருக்கும். அவளைத் திட்டாதீங்க."

"நீயா? நீ எதுக்கு வெச்சே?" என்றார் முதலாளி.

"இந்த விசிறி ஜெயிக்கணும்னு வெச்சேன். போதுமா?" எரிந்து விழுந்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "மறுபடியும் ஓட்டுங்க. ஆனா நான் கேக்க மாட்டேன். என் மருமக செஞ்சது இது. என் காதை நம்பாதீங்க."

ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, குடைகூட எடுக்காமல் வெளியே பெய்துகொண்டிருந்த மழைக்குள் இறங்கி, வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் அவள் சோதனையிலிருந்து எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

மறுபடி ஓட்டினேன். காற்று அருமையாகத் தள்ளியது. சடசடப்பு இல்லை. நடு வேகத்தில் மட்டும், மெலிசாக, ஒரு விசில். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. கேட்கவில்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. லான் அக்கா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நடு வேகத்துல விசிலடிக்குதும்மா" என்றேன்.

ஷாவ்-சின் ஹெட்போனை வாங்கித் தானே கேட்டாள். தலையை ஆட்டினாள். "ஆமா, அடிக்குது. இறக்கை நுனியை இன்னும் கொஞ்சம் வளைக்கணும். திங்கக்கிழமை கொண்டு வரேன்." மேசையிலிருந்த அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள் லான் அக்கா, தேர்வு முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி.

"தோத்துட்டேன். விசிலடிக்குது." ஷாவ்-சின் குடையை அவள் பக்கம் சாய்த்தாள். "நனைஞ்சிட்டீங்களே. வாங்க அம்மா, சாப்பிடப் போலாம்."

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லான் அக்கா அசையவே இல்லை.

"என்ன சொன்னே? சரியாக் கேக்கலை" என்றாள்.

ஷாவ்-சின் இன்னொரு முறை சொன்னாள்.