விடுதலையும் முதல் பக்கத்தில்

கல்லூரியின் இதழியல் துறை பாராட்ட அழைத்திருந்த ஐந்து பழைய மாணவர்களில் நான்கு பேரைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இல்லை. ஐந்தாவது ஆளான அவள், ஒரு மாலைப் பத்திரிகையின் நீதிமன்ற நிருபர்.

"ஆள் மாறி என்னைக் கூப்பிட்டுட்டாங்களோ?" என்று கிளம்பும்போதுகூடக் கணவரிடம் கேட்டாள்.

"மாறியிருந்தாலும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார் அவர்.

ஆள் மாறவில்லை. மேடையில் துறைத் தலைவர் அவளுடைய கதையைச் சொன்னார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருட்டு வழக்கில் கைதான தையல்காரர் ஒருவரின் படம் அவளுடைய பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. பிறகு அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. அதையும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"பழைய கதைம்மா, யார் படிப்பாங்க?" என்று பத்திரிகை ஆசிரியர் தட்டிக்கழித்தார்.

"அவர் தெருவுல இருக்கிறவங்க படிப்பாங்க சார்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். விடுதலைச் செய்தியும் முதல் பக்கத்திலேயே வந்தது. அன்று முதல் யாருடைய வழக்கையும் அவள் பாதியில் விட்டதில்லை.

ஒரு மாணவி எழுந்து, "விடுதலையானவங்கள்லாம் உங்களுக்கு நன்றி சொல்வாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"பாதிப் பேர் என்னைப் பார்த்தா அந்தப் பக்கம் போயிடுவாங்கம்மா. கேஸையே மறக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு என் மூஞ்சி எதுக்கு? அவங்க நிம்மதியா இருந்தாப் போதும்."

முதலில் எழுந்து நின்று கைதட்டியவர்கள் அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் நால்வரும்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அவளும் அவர்களுக்காகக் கைதட்டத் தொடங்கினாள்.