மாட்டுக்குப் புரியாத வசவு

ஆங்கிலப் பரீட்சைக்கு அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு ஓர் ஒற்றை மாட்டு வண்டியில் போனேன். வண்டிக்காரருக்குக் கடா மீசை. காளையைப் பற்றி எதைச் சொன்னாலும் அதன் காதில் விழாமல் கிசுகிசுப்பார்.

பாதி வழியில் காளை படுத்துவிட்டது. பரீட்சைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"திட்டி எழுப்புங்களேன்" என்றேன்.

"தமிழ்ல திட்டினா அதுக்குப் புரிஞ்சுரும் தம்பி. மனசு ஒடஞ்சு போயிரும். பிடிவாதக்காரன்னு இங்கிலீசுல எப்புடிச் சொல்லுவாங்க?"

படித்ததையெல்லாம் கொட்டினேன்: ஸ்டபர்ன், அப்ஸ்டினேட், இன்ஃப்ளெக்சிபிள். அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, கடைசிச் சொல்லை ஊருக்கே கேட்கும்படி எடுத்துவிட்டார்.

காளை துள்ளி எழுந்தது. தாவி ஏறிக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் முகமோ வெளிறிப் போயிருந்தது.

"இதுக்கு இங்கிலீசும் தெரிஞ்சிருக்கு தம்பி" என்று கிசுகிசுத்தார்.

புதுக்கோட்டை வரும்வரை அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார், தமிழில்.