கத்தரியை முக்கத் தெரிந்தவன்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கூலிக்குக் கவாத்து வெட்டப் போய், காமயகவுண்டன்பட்டியில் எட்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆனேன். நோய் கண்ட கொடியை வெட்டிய கத்தரியை மருந்துத் தண்ணீரில் முக்காமல் அடுத்த கொடியில் வைக்க எவனையும் விட்டதில்லை. அக்கம்பக்கத் தோட்டங்கள் பட்டுப்போன வருஷத்திலும் என் பந்தல் தப்பியது அதனால்தான். இதை நான் சொல்லாத டீக்கடை கிடையாது.

கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை, தோட்டத்தில் கேரளத்து வியாபாரி எனக்காகக் காத்திருந்தார். கட்டு மாற்றுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று புது செல்போனும் கையுமாக நின்றேன். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குக் காலில் சர்க்கரைப் புண், சீழ் வைத்திருந்தது. அதைத் துடைத்து முடித்த நர்ஸ் பெண், வராந்தாக் கடைசியில் இருந்த குழாயைப் பார்த்து நடந்தாள்.

“எங்கன போற? இங்கன வந்து மொதல்ல இதப் பாரு.”

“கையுறைய மாத்திக் கை கழுவிட்டு வந்துர்றேன்யா.”

“இந்த உறைக்கென்ன, கிழிஞ்சா போச்சு? ஒங்க பெரிய டாக்டரு திங்கிறது என் தோட்டத்துப் பழந்தான். ஒரு வார்த்த சொல்லவா?”

என் மனைவி தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். “கத்தரிய முக்காம கொடியில வைக்க விடுவீகளா நீங்க? அந்தப் பிள்ள போய்ட்டு வரட்டும்.”

“நீ சும்மா கெட. கொடியும் நீயும் ஒண்ணா?” என்றேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து, அதே உறையோடு கட்டைப் பிரித்தாள்.

இரண்டு நாளில் தையல் பழுத்துக் காய்ச்சல் கொதித்தது. பெரிய டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“கட்டு மாத்துனது யாரு?”

“நான்தான் சார்.”

“கை கழுவுனியா?”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன்.

“இல்ல சார்.”

வார்டே கேட்க அவளைத் திட்டினார். ஊர்க்கூட்டத்தில் எழுந்தால் நிறுத்தத் தெரியாத என் வாய் அன்று திறக்கவில்லை. என் மனைவி கண்மூடிக் கிடந்தாள். அவள் காதில் அது விழுந்ததா, தெரியாது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். பிழைக்கவில்லை.

அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊர் கூடலூராம். அந்த வழியாகத்தான் இன்றும் குமுளிக்குப் பழ லோடு போகிறது, முன்சீட்டில் நான் இருப்பேன். அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னதே இல்லை.