ஏழுமலை பெயருக்கு விழுந்த வீடு

படூரில் எங்கள் அடுக்ககத்தில் போன ஞாயிறு கார் நிறுத்தும் இடத்துக்குக் குலுக்கல். எனக்கு ஜெனரேட்டர் பக்கத்து மூலை விழுந்தது. அதிர்ஷ்டம் என்னை என்றைக்கு ஏறிட்டுப் பார்த்தது! செயலாளர் மைக்கைத் தட்டியதும் அது கீச்சென்றது பாருங்கள், எனக்கு ஈரக்கீற்று வாசனை அடித்தது. கான்கிரீட்டுக்குக் கீழே கீற்று ஏது? மதுராந்தகம் ஏரிக்கரையோரம் எப்போதோ போட்டிருந்த பந்தலின் வாசனை அது.

அப்போது எனக்குத் தற்காலிக வேலை. ஏழைகளுக்கு அரசு வீடு. மனுப் போட்டவர்களில் யாருக்கென்று குலுக்கி எடுப்பார்கள். தகர டிரம்மிலிருந்து வரும் சீட்டை மைக்கில் படிப்பது நான். வானொலிக் குரல் என்று ஒரு நினைப்பு வேறு. இழுத்து இழுத்துப் படித்தேன்.

"ஏழுமலை, தகப்பனார் முனுசாமி, கருங்குழி."

பந்தல் நடுவில் ஒரு பெண் எழுந்து பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மேடையேறிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவள் நேரே அவரிடம் வந்தாள். அது தன் புருஷன் பெயர், லாரி மோதி அவர் போய்ச் சேர்ந்து மாசக்கணக்காகிறது என்றாள்.

அவர் பதறவேயில்லை. "இன்னா கன்னிம்மா, என்னத் தெர்லியா?"

அவள் இன்னும் தன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. மனுவில் மனைவி பெயரும் இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நிமிஷம் செத்தவரே வந்து நிற்கிறாரோ என்று தோன்றிற்று. குடும்பச் சண்டை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அதிகாரி தலை நிமிராமல் அடுத்த சீட்டை நீட்டினார்.

குலுக்கல் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் அவள் பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ பேரக் கூப்ட்டதும் திரும்பிப் பாத்தேன் தம்பி. அவரு வந்துகினு கீறாருன்னுதான் நெனச்சேன்."

செத்தவர் பெயருக்குத்தான் புரோக்கர்களிடம் கிராக்கி என்று பின்னால் டீக்கடையில் சொன்னார்கள். வீடு எங்கே என்று கேட்டு அவர் வரமாட்டாராம். அதிகாரிக்கும் அதில் பங்கு. கன்னியம்மாள் மனு மேல் மனு கொடுத்தாள். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? புருஷன் வீடு வாங்கிக்கொண்டு உயிரோடுதானே இருக்கிறார் என்று அவளுடைய விதவைப் பென்ஷனை நிறுத்தினார்கள்.

சில வருஷம் கழித்து அந்தக் குடியிருப்புப் பக்கம் போக நேர்ந்தது. ஒரு வாசலில் ஏழுமலை என்று பெயர்ப்பலகை, ரோஜாத் தொட்டிகள். அண்ணாத்த நல்ல மனுஷன், இப்பத்தான் வண்டியில் போகிறார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கருங்குழிக்கும் போனேன். சாலையை அகலப்படுத்தியதில் அவள் இருந்த குடிசை வரிசையே இல்லை. எதிர்க்கடையில் விசாரித்தேன். ஏழுமலை பெண்டாட்டி கன்னியம்மாளா, அப்படி யாரும் இங்கே இருந்ததில்லையே என்றார்கள்.